நாம் உள்விவகாரமா, வெளிவிவகாரமா?

குமரேசா,

டில்லியில் வெளிநாட்டுறவு படிக்க உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ எழுதியதை உன் அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அங்கயும் குளிராங்க?" என்று மட்டும் கேட்டாள். மார்கழியில் நம் அக்கரப்பத்தனையைவிட அதிகம் குளிரும் என்று சொன்னேன். அன்றிலிருந்து ஓய்ந்த நேரமெல்லாம் உனக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறாள். நான் பதிலுக்கு 'சந்தோஷம்' என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். அந்த ஒரு வரி உனக்கு உறுத்தியிருக்கும். போன விடுமுறையில் பஸ்ஸுக்கு நடந்து போகும்போது, "நான் இந்தப் படிப்புக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலையாப்பா?" என்று கேட்டாய். நான் பஸ் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். நேருக்கு நேர் இப்படிப்பட்ட பேச்சு எனக்கு வராது. வகுப்பில் பிள்ளைகளிடம் நாள் முழுக்கப் பேசுகிறவனுக்கு வீட்டில் சொல் தீர்ந்துபோகும். இன்று பள்ளிக்கூடம் விட்டுவிட்டது, மழை பிடித்துக்கொண்டது, மலை முழுவதும் மூடிக்கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போகும். கிளம்புவதற்கு முன் ஆற அமர வாசித்துக்கொள்.

எனக்குப் பிடிக்காமல் இல்லை. அயர்ச்சி, அவ்வளவுதான். நீ படிக்கப் போகிற விஷயம் உனக்குப் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அது பதினாறு பதினேழு வருஷமாக வீட்டுக்குள் இருக்கிறது. ஒரு சிறிய நாடு தன் வெளிநாட்டுக் கொள்கையை எப்படி வகுத்துக்கொள்கிறது என்று நீ பேராதனையில் எழுதிய கட்டுரையை நான் இரண்டு முறை வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் போன வருஷம் செய்துகொண்ட ஒப்பந்தம் சிறிய நாடொன்றின் ராஜதந்திர வெற்றி என்று நீ சொல்வதும், ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சரிதான். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. அந்த மீதிப் பேரை நீ 'எஞ்சியோர் பிரச்சினை' என்று குறிப்பிட்டிருந்தாய். அந்தச் சொல்லுக்கு வந்ததும் இரண்டு முறையும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே வாசித்தேன்.

உன் மாணிக்கம் மாமாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் அம்மாவின் அண்ணன், தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். சுதந்திரம் வந்த சமயம் அவர் எப்படி இருந்தார் என்பது தெரியாது. நீ அப்போது சின்னப் பையன். முதல் தேர்தலில் வோட்டுப் போட்டுவிட்டு வந்து, வழியெல்லாம் எல்லாருக்கும் வெற்றிலை கொடுத்த மனிதர். அடுத்த தேர்தல் வருவதற்குள் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த நம் ஆட்களின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து போய்விட்டது. வேண்டியவர்கள் மனுப் போட்டு, இத்தனை வருஷம் இங்கேயே இருந்தோம் என்று நிரூபித்துப் பிரஜையாகலாம் என்றார்கள். முதலில் போட வேண்டாம் என்ற பேச்சு தோட்டங்களில் இருந்தது. கடைசி நேரத்தில் போடலாம் என்று ஆனது. நான் போட்டேன். மாமாவிடமும் சொன்னேன். அப்போது அவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து, கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். "பொறந்த எடத்துல இருக்கறதுக்கு மனுப் போடணுமா மாப்ள? நீங்க வாத்தியாரு, எழுதத் தெரியும், போடுங்க. நான் போடல" என்றார். பிறகு, "நம்மள இப்படித் தூக்கிப் போட்டா டில்லி சும்மா இருக்குமா? அம்மாம்பெரிய நாடு. கேக்க மாட்டாங்களா?" என்றார்.

அதுதான் அவருடைய நம்பிக்கை. இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தான் இங்கேயே இருப்பதற்காக இந்தியா பேசும் என்று நினைத்தார். இதைப் படித்தவர்களிடம் சொன்னால் முரண்பாடு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிக்கிறவனிடமிருந்து காப்பாற்ற அண்ணனைக் கூப்பிடுகிறவன் அண்ணன் வீட்டுக்குக் குடிபோகக் கேட்கவில்லையே.

என் மனு விசாரணைக்கு வந்தபோது நுவரெலியாவுக்குப் போனேன். என்னை விசாரித்தவர் ஒரு சிங்கள உத்தியோகத்தர், என் வயதுதான் இருக்கும். நிறையக் கேட்டார், மரியாதையாகக் கேட்டார். விசாரணை முடிந்ததும், சிங்களத்தில் பேசுவீர்களா என்றார். பேசுவேன் என்றதும் வெளி வராந்தாவில் நின்று கொஞ்ச நேரம் பேசினார். அவருடைய தாய் வழி ஊர் கொத்மலைப் பக்கம். ஊருக்கு மேலே இருந்த காடெல்லாம் தோட்டமாகிவிட்டது என்று அவர் பாட்டனார் சொல்லிக்கொண்டே செத்தாராம். "எங்களைக் கேட்டு உங்களைக் கொண்டுவரவில்லை மாஸ்டர்" என்றார். எங்களையும் யாரும் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அது தெரியும் என்றார். ஆனால் இந்தத் தீவை விட்டால் தன் பாஷை பேசுகிறவனுக்கு உலகத்தில் வேறு இடமில்லை, பக்கத்தில் அவ்வளவு பெரிய நாடு இருக்கிறது, இன்று நட்பாக இருக்கும் நாடு நாளைக்கு எப்படி இருக்கும் என்று யார் சொல்ல முடியும், தோட்டத்தில் இருக்கிற உங்களைப் பார்க்கும்போது எங்கள் ஆட்களுக்கு உங்கள் முகம் தெரிவதில்லை, உங்களுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பெரிய நாடுதான் தெரிகிறது என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் பயத்தைப் பயம் என்றே சொன்னார். பிறகு அதே பயத்துக்கு மேடைகளில் எத்தனையோ பெரிய பெயர்கள் வைத்தார்கள். எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. என்னோடு உன் அம்மாவுக்கும் உனக்கும் கிடைத்தது. அம்மா அன்று இனிப்பு எதுவும் செய்யவில்லை. அண்ணனுக்கு இல்லாத ஒன்று தனக்கு வந்தது அவளுக்குக் கூச்சமாக இருந்தது என்று பிறகுதான் புரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் வந்த வருஷங்களை நினைத்துப் பார்க்கிறேன். உலகம் முழுக்க நல்ல வார்த்தைகள் பேசிய காலம் அது. ஆசியா விழித்துவிட்டது என்றார்கள். எந்த வல்லரசின் பக்கமும் சாய மாட்டோம் என்றார்கள். பஞ்சசீலம் வந்தது. நான் அதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒருவர் எல்லையை ஒருவர் மதிப்பது, ஒருவர் மேல் ஒருவர் படையெடுக்காதிருப்பது, ஒருவர் உள்விவகாரத்தில் ஒருவர் தலையிடாதிருப்பது, சமமாக நடப்பது, சமாதானமாகச் சேர்ந்து வாழ்வது. எழுதும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்லவில்லை. மாமா ஏதோ வேலையாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர், கதவடியில் நின்று வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவதில் நிறுத்தச் சொன்னார்.

"உள்விவகாரம்னா என்ன மாப்ள?"

ஒரு நாட்டுக்குள்ளே நடக்கிற காரியம், அதில் வெளிநாடு வாய் திறக்கக் கூடாது என்றேன்.

"அப்ப நாம உள்விவகாரமா, வெளிவிவகாரமா?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் பலகையைத் துடைத்துவிட்டுக் கணக்குப் பாடத்தை எடுத்தேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. நீ போகிற இடத்தில் பெரிய பேராசிரியர்கள் இருப்பார்கள். யாருக்காவது தெரிந்தால் கேட்டுக்கொள். கொழும்பைக் கேட்டால் நாம் இந்தியாவின் ஆட்கள், அதனால் வெளிவிவகாரம். டில்லியைக் கேட்டால் நாம் இலங்கையின் ஆட்கள், அதனால் இலங்கையின் உள்விவகாரம். இரண்டு பேரும் கொள்கையோடுதான் சொன்னார்கள்.

டில்லியின் கொள்கையை நான் ஒரு மனிதரின் வாயிலிருந்தே கேட்டேன். பஞ்சசீலப் பேச்சு சூடாக இருந்த அந்தக் காலத்தில்தான், இந்தியாவிலிருந்து ஓர் அதிகாரி தோட்டங்களைப் பார்க்க வந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. தோட்டத்தை நடத்தும் துரை அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவந்து, மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார். வேலை முடிந்த ஆட்கள் கொழுந்துக் கூடையோடு வந்து நின்றார்கள். மாமா மாலை போட்டார். அதிகாரி கைகூப்பி வாங்கிக்கொண்டு, மாலையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மாமா சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, எங்கள உங்க ஆளுங்கன்னு சொல்றீங்களா, இல்லேன்னு சொல்றீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டுப் போங்க."

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் யோசித்துத்தான் பேசினார். கடல் தாண்டிப் போன எல்லாப் பிள்ளைகள் மேலும் இந்தியாவுக்குப் பிரியம் உண்டு, ஆனால் எந்த மண்ணில் வாழ்கிறார்களோ அந்த மண்ணுக்கு அவர்கள் உண்மையாக இருக்க வேண்டும், அந்த நாடு அவர்களைத் தன் மக்களாக ஏற்க வேண்டும், இதுதான் எங்கள் அரசாங்கத்தின் நிலை என்றார். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். மாமா அவர் முகத்தைப் பார்த்து, "ஏத்துக்கலேன்னா என்ன செய்யறதுன்னு கேளுங்க மாப்ள" என்றார். கேட்டேன். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்று அதிகாரி சொன்னார்.

காருக்குப் போகும் வழியில் அவர் என்னோடு தனியாக நடந்தார். கேட்டவர் யார் என்று விசாரித்தார். என் மச்சான் என்றேன். அவர் கேட்டது சரியான கேள்விதான் என்றார். பர்மாவில் இருக்கிறார்கள், மலாயாவில் இருக்கிறார்கள், பீஜியில், ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். இங்கே ஒரு முறை 'எங்கள் ஆட்கள், அனுப்புங்கள்' என்று சொல்லிவிட்டால் நாளைக்கு எல்லா நாடும் அதையே கேட்கும், அங்கெல்லாம் பிறந்து வளர்ந்தவர்களின் உரிமையை நாங்களே வெட்டிப் போட்டதாகும் என்று விளக்கினார். பிறகு, தான் பிறந்தது லாகூரில் என்றும், தகப்பனார் கட்டிய வீடு இன்று வேறொரு நாட்டில் இருக்கிறது என்றும், இடம் பெயர்வது என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். அவர் சொன்ன காரணத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் களைப்பாக்குகிறது, குமரேசா. நுவரெலியா வராந்தாவில் நின்றவரும் கெட்டவரில்லை, மாலையோடு காரில் ஏறியவரும் கெட்டவரில்லை. கெட்டவர்கள் யாராவது இருந்திருந்தால் மாமாவுக்குத் திட்டுவதற்காவது ஆள் கிடைத்திருக்கும்.

அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். அதிகாரியைக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "நல்ல மனுஷனாத்தான் தெரியுது. மேல பேசிக்கிட்டு இருக்காங்கல்ல, பேசட்டும்" என்றார். அப்படியே வருஷங்கள் போயின. அவர் மகள் பாக்கியத்துக்குக் கல்யாணம் நடந்தது. மருமகனுக்கும் பிரஜாவுரிமை இல்லை. வள்ளி பிறந்தாள், அவளுக்கும் இல்லை. நீ பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய், பிறகு பல்கலைக்கழகம் போனாய். மாமா உன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசினார். நமக்குள்ளே எந்த வித்தியாசமும் இல்லாத மாதிரிதான் இருந்தோம்.

பிறகு இமயமலையில் சண்டை வந்தது. மாமா ரேடியோ பக்கத்திலிருந்து எழும்பவில்லை. பஞ்சசீலத்தை எழுதிக்கொண்ட இந்தியாவும் சீனாவுமே சண்டை போட்டன. அவர்களைச் சமாதானப்படுத்த நம் இலங்கை சில நாடுகளைக் கொழும்புக்குக் கூப்பிட்டுப் பேசியது. நீ அதைக் கட்டுரையில் மிக அழகாக எழுதியிருக்கிறாய், எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. மாமாதான், "அவ்வளவு தூரத்துச் சண்டையத் தீக்க முடியுது" என்று சொல்லிவிட்டு ரேடியோவை நிறுத்தினார். அந்தச் சண்டைக்குப் பிறகு இந்தியாவுக்கு வடக்கே நிம்மதி போய்விட்டது. தெற்கேயாவது ஒரு சச்சரவும் வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். இந்தியாவின் பழைய பிரதமர் காலமானார். அன்று மாமா வேலைக்குப் போகவில்லை. புதியவர் வந்தார், சில மாதத்தில் நம் பிரதமர் டில்லிக்குப் போனார், பதினைந்து வருஷமாக டில்லி முடியாது என்று சொன்ன காரியம் முடிந்துவிட்டது. லாகூர்க்காரர் எனக்கு விளக்கிய காரணம் அப்போதும் அப்படியேதான் இருந்தது. தேவைதான் மாறியிருந்தது. கொள்கை என்றால் மாறாத ஒன்று என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அந்தந்த நேரத்துப் பயத்துக்கு நாடுகள் வைத்துக்கொள்கிற கௌரவமான பெயர் அது என்று இப்போது தோன்றுகிறது. நீ இளம் பிள்ளை, நான் சொல்வதை முழுவதும் நம்ப வேண்டாம்.

ஒப்பந்தச் செய்தி ரேடியோவில் வந்த மறுநாள் காலை, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். கங்காணி வேலைக்குப் பிரிக்கக் கூப்பிட்டும் யாரும் நகரவில்லை. "தலைவரே, நாங்க மூணுலயா அஞ்சுலயா?" என்று கேட்டார்கள். மாமா தெரியாது என்றார். கேட்டுச் சொல்லுங்க என்றார்கள். யாரிடம் கேட்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். இத்தனை வருஷமும் எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தவர் அவர். அடுத்த கூட்டத்தில் தலைவர் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அவரிடம், "நீங்க போகமாட்டீங்கதானே அண்ணே?" என்று கேட்டாள். அவர் சோற்றில் கைவைத்தபடியே, "போறதுன்னா எங்க போறது தாயி? துறையூர்ப் பக்கம்னு அப்பா சொல்லுவாரு. எந்தப் பக்கம்னு சொல்லல" என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. இலங்கைப் பிரஜையான தங்கையும் எந்த நாட்டுக்கும் சேராத அண்ணனும் மழையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பெரிதாக ஒன்றும் வரவில்லை. நன்றாகப் படி. கொள்கைகளைக் கேலி செய்யாதே, அவையும் இல்லாவிட்டால் பெரிய நாடுகள் இன்னும் மோசமாக நடக்கும். நாளைக்கு ஏதாவது ஒரு பேச்சுவார்த்தை மேசையில், கடைசி நாற்காலியிலாவது உனக்கு இடம் கிடைக்கலாம். கிடைத்தால், யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டீர்களா என்று ஒரு தடவை கேள். உன்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதோடு முடிக்கிறேன். போன வாரம் இடைவேளையில் பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்ன விளையாட்டு என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பலகை ஒன்றில் எதிரெதிராக உட்கார்ந்துகொண்டு, மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் பேரையும் தண்ணீரைத் தாண்டி அந்தப் பக்கம் நிறையப் பேரையும் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போனவர்கள் கைகாட்டினார்கள், இந்தப் பக்கம் நின்றவர்கள் அழுகிற மாதிரி நடித்தார்கள், எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. நாலைந்து சின்னப் பிள்ளைகள் மட்டும் தனியாக மண்மேட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் வள்ளியும் இருந்தாள். வீட்டில் என்னைத் தாத்தா என்பவள், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைப் போல 'சேர்' என்றுதான் கூப்பிடுவாள். விளையாடாமல் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"விளையாடிக்கிட்டுத்தான் இருக்கோம் சேர். எங்களப் பத்தி இன்னும் பேசல" என்றாள்.

அவளைக் கூட்டிப்போக வந்த மாமா எனக்குப் பின்னால் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. குடையை மடக்கி மேட்டில் வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். நேரம் ஆகவில்லைதான், இருந்தாலும் நான் போய் மணியை அடித்துவிட்டேன். கானின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக ஓடிவந்தார்கள், மேட்டில் இருந்தவர்களும் எழுந்து ஓடிவந்தார்கள். உன் மாமா எழும்பவில்லை.

திங்கட்கிழமை பேராதனை ஸ்டேஷனுக்கு நானும் அம்மாவும் வருவோம். மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் டில்லியைப் பற்றி நீயாக எதுவும் பேசாதே. அவர் கேட்டால் மட்டும் சொல்.

உன் அப்பா